கோழிச் சத்தம் போன வழி

ஒலி மிக்சர் வாங்கப் போகிறவர்கள் அதில் எத்தனை மைக்கைச் செருகலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். எத்தனை வழியாகச் சத்தத்தை வெளியே அனுப்பலாம் என்று கேட்கிற ஆளை நான் கம்பாலாக் கடைத்தெருவில் இன்னும் பார்க்கவில்லை. கல்யாண வீட்டுக்கு அந்தக் கேள்வி தேவையும் இல்லை. பாடுகிறவர் பலர், அலறுகிற பெட்டி இரண்டு, வந்தவர் காது கிழிந்தால் விருந்து பிரமாதம். நாடகம் அப்படி இல்லை, அஃபந்தே. நாய் வாழைத்தோப்புக்குப் பின்னால் குரைக்க வேண்டும். குழந்தை உள்ளறையில் அழ வேண்டும். மழை கூரைமேல் விழ வேண்டும். நாய் கூரைமேல் ஏறிக் குரைத்தால் சனம் சிரித்துவிடும்.

இதை எதற்குச் சொல்கிறான் என்று பார்க்கிறீர்கள். வானொலியில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். நடிகர் கசுஜ்ஜா மேடையில் கால் தவறி விழுந்து இறந்தார், விபத்துதான், வேறு சந்தேகம் இல்லை என்றீர்கள். கால் தவறுகிற ஆள் இல்லை அவர். அதைத் திருத்தத்தான் நானாகவே போலீஸ் ஸ்டேஷன் படியேறி வந்திருக்கிறேன்.

என் பெயர் கஜிமு. கசுஜ்ஜாவின் நாடகக் குழுவில் சத்தம் முழுக்க என் பொறுப்பு. முதலாளியும் அவர்தான், கதாநாயகரும் அவர்தான். மிக்சர் வாங்க அவரோடு நான்தான் போனேன். அவருக்குப் பிடித்தது சிவப்பும் பச்சையுமாக மின்னுகிற புதுப் பெட்டி. நான் தூக்கிவைத்தது சாம்பல் நிறத்தில் ஒரு பழையது.

"ஏண்டா கஜிமு, இதுல ஒரு லைட்டாவது எரியுதா? எழவு வீட்டுப் பொட்டி மாதிரி இருக்கு."

"அண்ணே, அந்தப் புதுசுக்கு ரெண்டே வாய். இது எட்டுப் பக்கமும் தனித்தனியா பேசும்ணே."

"எட்டு வாய் இருக்கிறவள எவன்டா கட்டிக்குவான்?" என்றார். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் கசுஜ்ஜா அதையே வாங்கினார். நான் பிடிவாதக்காரன் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வருடமே அவர் கண் மங்க ஆரம்பித்தது. கண்ணுக்குள் அழுத்தம், போன பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு ஒத்திகை முடிந்து நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். தடவிக்கொண்டே வந்து என் தோளைப் பிடித்தார்.

"உன் மூஞ்சி தெரியலடா எனக்கு. வெளிய மூச்சு விடாத. குருடன்னு தெரிஞ்சா ஜனம் பரிதாபப்படும். பரிதாபப்படுறவன் சிரிக்க மாட்டான். அப்புறம் நான் எதுக்கு?"

"கண்ணுதானே போச்சு, காது இருக்குல்ல? நான் வழி போட்டுத் தரேன்ணே."

போட்டும் கொடுத்தேன். மேடை வீட்டின் கதவருகே ஒரு சின்ன ஸ்பீக்கரை மறைத்துவைத்தேன்; அதில் பானைத் தண்ணீர் சொட்டும். அவர் உட்கார வேண்டிய முக்காலிக்குக் கீழே இன்னொன்று. அதில் கோழி கொக்கரிக்கும். மேடையின் முன்விளிம்பில் ஒன்று, அதில் சில்வண்டு. தண்ணீர் கேட்டால் கதவு. கோழி கேட்டால் நேரே போய் உட்காரலாம். சில்வண்டு கேட்டால் அங்கேயே நிற்க வேண்டும், ஏனென்றால் அதற்கு அப்பால் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், அடியில் சிமெண்டுத் தரை. ஏரி அலைச் சத்தத்துக்காக அந்தப் பள்ளத்திலும் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தேன்.

மிக்சரில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வரிசைக் குமிழ்கள். எந்தக் குமிழைத் திறக்கிறேனோ அந்த இடத்தில் சத்தம் கேட்கும். கோழியின் வரிசையில் முக்காலிக் குமிழ் மட்டும் திறந்திருக்கும், மற்றதெல்லாம் மூடியிருக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். சனத்துக்கு அது ஏதோ வீட்டுச் சத்தம். அவருக்கு அதுதான் தரை. மேடையில் அவர் சொந்த வீட்டில் நடப்பதுபோல் நடக்கிறார் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். அந்த வீட்டைக் கட்டியவன் நான். யாரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு மசாகா ஊரில் ஒரு காட்சி நடந்தது. நம் சனத்தைத்தான் தெரியுமே. நடிப்பு பிடித்துவிட்டால் கைதட்டலோடு நிற்பார்களா? நாடகம் நடக்கும்போதே மேடையேறி நடிகர் பையில் நோட்டைத் திணித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அன்றைக்கு ஒரு அம்மா உயிர்க்கோழியையே கொண்டுவந்தாள். மண்டியிட்டு, கால் கட்டிய கோழியை மேடையில் வைத்துவிட்டுப் போனாள். அது கொக்கரித்தது. கசுஜ்ஜா வசனத்தை விடாமல் திரும்பினார், கம்பீரமாக நடந்து வந்தார், முக்காலி என்று நினைத்து அந்தக் கோழிமேல் உட்கார்ந்தார்.

சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. குழுவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் எல்லோரும் வாழைக்காய் மதோக்கேயும் நிலக்கடலைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேளக்காரர் சாலொங்கோவுக்கு வாய் சும்மா இருக்காது. "நம்ம மொதலாளி கோழி கூப்பிட்ட பக்கம்தான் போவாரு போல" என்றார்.

கசுஜ்ஜா தட்டை நகர்த்தினார். "யாரு, நானா? இவன் பொட்டியக் கேட்டா நான் நடக்குறேன்? என் காலப் பாத்துத்தான்டா பொட்டி கத்துது! அடுத்த பயணத்துக்கு அந்தச் சனியன் வராது. பெரிய ஸ்பீக்கர் ரெண்டு, போன் ஒண்ணு, போதும். கஜிமு வாசல்ல நின்னு டிக்கெட் கிழிக்கட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாப்பிட்டு முடித்தேன்.

அவர் மனைவி நபோசா, நாடகத்திலும் அவருக்கு மனைவியாக வருகிறவள், பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு வந்தாள். "பயத்துல கத்துறாரு தம்பி. கஜிமு இல்லன்னா நான் செத்தேன்னு வீட்டுல ஒரே பொலம்பல். ஒரு வார்த்த போய்ப் பேசேன்."

நான் பேசவில்லை. என் வேலை பேசுவது அல்ல, அனுப்புவது. வீட்டுக்குள் புலம்பினால் எனக்கு என்ன லாபம்? சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சொன்னதைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். அவர் எடுக்கவில்லை. கோபப்பட்டேன் என்று எழுதாதீர்கள், அஃபந்தே. கோபம் வந்தால் குமிழ் மாறிப்போகும். எனக்கு ஒன்றும் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. அடுத்த பயணத்துக்கு முன்னால் கம்பாலாவில் அதுதான் கடைசி. அரங்கம் நிறைந்திருந்தது. இரண்டாம் அங்கத்தில் ஊரில் கரண்ட் போய்விடும், வீட்டுக்காரர் இருட்டில் தட்டுத்தடுமாறி வீட்டுக்கு வருவார். மேடையில் எல்லா விளக்கும் அணைந்திருக்கும், நபோசா கையில் மட்டும் ஒரு சிம்னி விளக்கு. வாத்தியம் இல்லாத காட்சி, பள்ளம் காலி. தண்ணீர் சொட்டவிட்டேன், கதவைச் சரியாகப் பிடித்து உள்ளே வந்தார். பிறகு கோழியின் வரிசையில் முக்காலிக் குமிழை மூடினேன், பள்ளத்துக் குமிழைத் திறந்தேன். சில்வண்டை எழுப்பவே இல்லை. இரண்டு விரல் வேலை.

போனார். சிமெண்டில் விழுந்த சத்தம் நான் அனுப்பாத சத்தம், ஆனாலும் சனம் அதை நாடகம் என்று நினைத்துக் கைதட்டியது. நபோசா சிம்னியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். நான் குமிழ்களைப் பழைய இடத்தில் வைத்தேன். உங்கள் ஆட்கள் வந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது.

இதுவரை சொன்னதை நீங்களே என்றைக்காவது கண்டுபிடித்திருப்பீர்கள். கண்டுபிடிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. அதை என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை.

அவர் சட்டைக்குள் எப்போதும் ஒரு சின்ன மைக் இருக்கும். அந்த நேரத்தில் அதைச் சனத்துக்குப் போகாமல் அடைத்து, என் காதுக்கு மட்டும் திருப்பிவைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால், கேட்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். விளிம்புக்குச் சற்று முன்னால் அவர் நின்றுவிட்டார். பழகிய கால் ஒரு பக்கம் இழுக்கிறது, காது இன்னொரு பக்கம் கூப்பிடுகிறது. மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. முகத்தை அரங்கத்தின் கடைசியில் இருக்கிற என் மிக்சர் அறைப் பக்கம் திருப்பினார், உதட்டுக்குள்ளேயே கேட்டார்.

"கஜிமு, கோழி அங்கயாடா இருக்கு?"

இத்தனை காலத்தில் அவர் என்னிடம் வழி கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கோழியைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

"சரிடா" என்றார். தயங்காமல் நடந்தார்.

ஆகவே கால் தவறினார் என்று எழுதியிருப்பதை அடியுங்கள். நான் சொன்ன இடத்தில்தான் அவர் கால் வைத்தார். சாலொங்கோவைக் கூப்பிட்டு இதை வாசித்துக் காட்டுங்கள், குழு முழுக்க உட்கார்ந்து கேட்கட்டும்: நிறைந்த அரங்கத்தில், தன் காலையே நம்பாமல், அவர் என்னை நம்பினார்.