அறுபத்திரண்டாம் பக்கத்துக் காய்ச்சல்

மேடையில் வீற்றிருக்கும் பூட்டுத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, இந்த அறையை மனமுவந்து தந்துவிட்டு நாற்காலிகளை மட்டும் கண்ணால் எண்ணிக்கொண்டிருக்கும் நூலகர் அவர்களே, எங்கள் புத்தகத்தை இரண்டு முறை அச்சடித்த பிறகும் எங்களோடு பேசிக்கொண்டிருக்கும் அச்சகக்காரர் அவர்களே, முதல் வரிசையில் இருக்கும் என் தங்கையே, அவள் மகளே, வந்திருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் நான் தும்மிக்கூட முடித்ததில்லை. "அண்ணா, அவரைப் பத்திப் பேசும்போது அளந்து விடாதே" என்று தங்கை வேறு சொல்லியிருக்கிறாள். முயற்சி செய்கிறேன்.

மறைந்தவர் யார்? எனக்குத் தங்கை புருஷன். உங்களில் பாதிப் பேருக்குப் பூட்டுக்கடைக்காரர். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்றவர்கள் எல்லோருக்கும் தெய்வம். மீதிப் பாதிக்கு, அவர் 'நடக்குமா'. மந்திர தேசங்களின் தலைமை எடை ஆய்வாளர், டிராகன்களின் தீவன அதிகாரி, 'இரும்பும் மழையும்' என்ற விளையாட்டை உருவாக்கிய மாமேதை. இந்தப் பட்டங்களை எல்லாம் கொடுத்தது நான்தான். அவர் ஒன்றையும் வாங்கிக்கொள்ளவில்லை.

அது என்ன விளையாட்டு என்று கேட்கும் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பூட்டுக்கடையின் பின்னறையில் ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். அவர் ஒரு பழங்காலக் கற்பனை ராஜ்யத்தின் கதையைச் சொல்வார். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் இறங்குவோம். ஒருவர் திருடன், ஒருவர் வீரன். நினைத்தது நடந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவோம். மேசை, பகடை, மூடிய அறை என்றதும் சம்பந்தி வீட்டார் மூன்று வருடம் எங்களைச் சூதாடிகள் என்றே நினைத்திருந்தார்கள். ஐயா, சூதாட்டமாக இருந்திருந்தால் ஒருநாளாவது நான் ஜெயித்திருப்பேன்.

ஏன் அவருக்கு 'நடக்குமா' என்று பெயர்? எதைச் சொன்னாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நிஜத்துல நடக்குமா?" என்பார். நான் ஒரு திருடனாக விளையாடினேன். இருபது வாரம் பாடுபட்டு ராஜாவின் கஜானாக் கதவுக்கு வந்து சேர்ந்தேன். பகடையை உருட்டினேன். ஆறு. எழுந்து நின்று ஆடினேன்.

"உட்காருங்க மச்சான். எதால திறக்கிறீங்க?"

"கம்பியால."

"என்ன கம்பி?"

"கம்பின்னா கம்பிதான் மாப்பிள்ளை. உனக்கு என்ன ஜாதகமா வேணும்?"

எழுந்து கடைக்குள் போனார். ஒரு பழைய பூட்டையும் ஒரு கம்பியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "திறங்க பார்ப்போம்." நாற்பது நிமிடம். எனக்கு வியர்த்த வியர்வையில் அந்தப் பூட்டு துருப்பிடித்தே திறந்துகொண்டிருக்கும். அதற்குள் கதையில் காவல்காரர்கள் வந்து, என்னைப் பிடித்து, விசாரித்து, தண்டனையும் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் பதிப்பில் பூட்டுகளுக்கு மட்டும் ஏழு பக்கம் இருப்பதற்கு என் இந்த அவமானமே காரணம்.

ஆனால் நண்பர்களே, அவர் கற்பனைக்கு எதிரியா? இல்லை. டிராகனை அவர் தடுக்கவே இல்லை. வாயில் நெருப்பு வருமா, வரட்டும். பறக்குமா, பறக்கட்டும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "என்ன சாப்பிடும்?" வாரத்துக்கு ஒன்பது மாடு என்று முடிவானது. அப்படியானால் அது இருக்கும் மலையைச் சுற்றி மாடு இருக்காது. அச்சகக்காரரின் வீரன் ஊர் ஊராகப் போய், எந்த ஊர் வாசலில் சாணமே இல்லை என்று பார்த்து டிராகனைக் கண்டுபிடித்தான். உலகத்தில் எந்த வீரனாவது சாணம் இல்லாததை வைத்து டிராகனைப் பிடித்திருக்கிறானா? எங்கள் மேசையில் பிடித்தான். ஒரு பொய்யை நிற்கவைக்க அதைச் சுற்றி எத்தனை உண்மை வேண்டும் என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த ஆராய்ச்சி. நான் வெறும் பொய்யை மட்டும் வைத்துக்கொண்டு ஐம்பத்தெட்டு வயதை ஓட்டிவிட்டேன், அது வேறு.

இதே அச்சகக்காரர் ஒருநாள், கதையில் ஒரு பட்டறைக்காரி வந்ததும், "அந்தக் காலத்துல பொம்பளை எங்க பட்டறை நடத்தினா? இது நம்பற மாதிரி இல்லையே" என்றார். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "டிராகனை நம்பிட்டீங்க. பட்டறைக்காரியை நம்ப முடியலையா?" பிறகு எழுந்து போய் இரண்டு தடிப் புத்தகங்களை எடுத்து வந்தார். புருஷன் போன பிறகு பட்டறையைத் தன் பெயரிலேயே நடத்திய பெண்களைப் பக்கம் பக்கமாகக் காட்டினார். அச்சகக்காரர் இங்கேதான் இருக்கிறார். தலையை ஆட்டுகிறார் பாருங்கள்.

இனி நான் சொல்லப்போவதில் மிகை இல்லை.

புத்தகத்தின் அறுபத்திரண்டாம் பக்கம் காயங்களைப் பற்றியது. மற்ற விளையாட்டுகளில் வெட்டுப்பட்டவன் ஒரு மடக்கு மந்திரத் தைலம் குடித்துவிட்டு எழுந்து போவான். எங்கள் மேசையில் அது கிடையாது. காயத்தில் அழுக்கு சேரும், காய்ச்சல் வரும். பகடையை ஒருமுறை உருட்டவேண்டும். ஐந்தோ ஆறோ விழுந்தால் பிழைப்பு. இல்லையென்றால் இல்லை.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அவர் மகளும் எங்களோடு விளையாடுவாள். பதினாலு வயது. அவள் பாத்திரம் ஒரு தூதுக்காரி. ஒரு கோவேறு கழுதையில் ஏறி ராஜ்யம் முழுக்கக் கடிதம் கொண்டுபோவாள். மூன்று வருடம் அவளையே விளையாடினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூதுக்காரியின் கையில் ஓர் அம்பு உரசிவிட்டுப் போனது. வெறும் கீறல். காய்ச்சல் வந்தது. பகடையை உருட்டினாள். இரண்டு.

நான் கெஞ்சினேன். "மாப்பிள்ளை, குழந்தைய்யா. ஒரு சொட்டுத் தைலம். எங்கிருந்தாவது ஒரு சாமியாரை வரச்சொல்லு."

"அந்தக் காலத்துல நடக்குமா மச்சான்?"

அவள் அழவில்லை. "சரிப்பா" என்றாள். பகடையைப் பெட்டியில் வைத்து மூடினாள். அதற்குப் பிறகு அந்த மேசைக்கு வரவே இல்லை. அப்பாவிடம்தான் தொழில் கற்றாள், கடையைப் பார்த்துக்கொண்டாள், ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். ஆனால் ஞாயிறு நாலு மணி ஆனால் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். ஊரில் எல்லாக் கதவையும் திறந்த மனிதருக்கு அந்த ஒரு கதவை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை.

போன வருடம் சாவி வெட்டும்போது ஓர் உலோகச் சிலாம்பு அவர் உள்ளங்கையில் ஏறியது. கவனிக்காமல் விட்டார். சீழ் பிடித்தது, காய்ச்சல் ஏறியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தினமும் காலை ஏழு மணிக்கு நர்சம்மா வருவார். நோயாளியைப் பார்க்கும் முன்பே கேட்பார்: "கூட யாரு?"

"நான்தாங்க" என்று ஒரு குரல் வரும். ஒன்பது நாளும் அதே குரல். ஈரத்துணியை மாற்றியது மகள். கரண்டியில் தண்ணீர் கொடுத்தது அவள். பத்தாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பினார். புத்தகம் மடியில் திறந்திருந்தது. "மச்சான், அறுபத்திரண்டாம் பக்கம் தப்பு" என்றார். நாங்கள் மேசை போட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் வந்து நான் கேட்டது அன்றுதான்.

"இரும்பை எழுதினேன். அழுக்கை எழுதினேன். காய்ச்சலை எழுதினேன். பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஆளை எழுதவே இல்லை. அந்தக் காலத்துல மருந்து இல்லை, சரி. மனுஷங்களுமா இல்லாம போயிட்டாங்க?"

பிறகு நிதானமாகச் சொன்னார்: "மனசு இளகிப்போய் மாத்தறேன்னு நினைக்காதீங்க. நிஜத்தைத்தான் பாதியில விட்டுட்டேன்."

அந்தப் பக்கத்தில் பென்சிலால் எழுதினார். 'பகடை உருட்டும் முன் கதை சொல்பவர் கேட்கவேண்டும்: கூட யாரு? கூட ஆள் இருந்தால், இன்னும்' என்று எழுதி, கொஞ்சம் இடம் விட்டு, 'முறை உருட்டலாம்' என்று முடித்திருந்தார். எத்தனை முறை என்பதை மட்டும் எழுதவில்லை. மூன்றாம் பதிப்புக்கு முன்னால் யோசித்துச் சொல்கிறேன் என்றார். மாதக்கணக்கில் யோசித்தார். மகளிடமும் காட்டவில்லை. எண் முடிவாகட்டும், பிறகு காட்டுகிறேன் என்றார். போன மாதம் ஒரு பிற்பகலில், கடையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான்.

அந்த இடத்தை யார் நிரப்புவது? என்னை விட்டால் ஐம்பது முறை என்று எழுதியிருப்பேன். இந்த ராஜ்யத்தில் இனி யாருமே சாகமாட்டார்கள். அதனால் முந்தாநாள் புத்தகத்தை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய கதைக் குறிப்புகளையும் சேர்த்துக் கொடுத்தேன்.

நெடுநேரம் படித்தாள். அந்தக் குறிப்புகளில் ஒன்று இருந்தது. எங்கள் யாருக்கும் தெரியாது. பதினொரு வருடமாக ஒவ்வொரு ஞாயிறு ஆட்டத்தின் கடைசியிலும் ஒரு வரி எழுதியிருக்கிறார்: 'கழுதை கொள்ளு சாப்பிட்டது. நலம். காத்திருக்கிறது.' கோவேறு கழுதை முப்பது வருடம் வாழும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு. அவர் அல்லவா, சரிபார்க்காமல் எழுதுவாரா?

அவள் பென்சிலை எடுத்தாள். காலியாக இருந்த இடத்தில் 'ஒரு' என்று எழுதினாள்.

"ஒண்ணே ஒண்ணா? அஞ்சாவது வையேன்மா" என்றேன்.

"வேண்டாம் மாமா. ரெண்டாவது தடவை, கடையில சாஞ்சப்பவும் நான் கூடத்தான் இருந்தேன்."

 என் ஐம்பதையும் ஐந்தையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

கூட இருந்தால் பிழைத்துவிடுவார்கள் என்பதல்ல விதி. இன்னொரு முறை உருட்டலாம். அவ்வளவுதான். அது நிஜத்தில் நடக்கும். மாப்பிள்ளை இருந்திருந்தால் இந்த எண்ணைத்தான் எழுதியிருப்பார்.

ஆகவே இந்தச் சபையில் நாங்கள் உறுதி சொல்கிறோம். மூன்றாம் பதிப்பு அவர் திருத்தியபடி, அவள் நிரப்பியபடி வெளிவரும். ஒரு சொட்டுத் தைலம்கூட நான் உள்ளே கடத்தமாட்டேன். ஞாயிறு நாலு மணி மேசை தொடரும். கதை சொல்பவரின் நாற்காலியில் இனி, கடையை நடத்துபவளே உட்காருவாள்.

வரும் ஞாயிறு முதல் வேலை ஒரு பழைய காய்ச்சல். அன்றைக்கு மட்டும் அவள் தன் பழைய இடத்தில் உட்காருவாள். கேள்வியை நான் கேட்பேன்: "தூதுக்காரிக்குக் காய்ச்சல். கூட யாரு?" மேசையில் இருக்கும் அத்தனை பேரும் "நாங்கதான்" என்போம். அவள் ஒரே ஒரு முறை பகடையை உருட்டுவாள்.

என்ன விழும் என்று எனக்குத் தெரியாது. எது விழுந்தாலும் அதையே எழுதிவைப்போம். வெளியே கழுதை நின்றுகொண்டிருக்கிறது.