ஆறேகால் ஜீப்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா சர்தார் பாஷா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் காவல் ஆய்வாளர் ஜோதி அவர்களே, ஊர்ப் பெரியோர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டு வந்திருக்கும் ஷூ கம்பெனித் தாய்மார்களே, வணக்கம்.

என் பெயர் சூரியபிரகாஷ். நம் ஊரில் போலீஸ் ஜீப் எப்போது, எங்கே போக வேண்டும் என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவு நிரலை எழுதியவன். அதில் நடந்த தவறு என்னுடையது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எப்படி எழுதினேன்? ஆறு ஆண்டுப் புகார்களை இயந்திரத்துக்குக் கொடுத்தேன். புகார் அதிகமுள்ள இடத்துக்கு ஜீப்பை அனுப்பு என்றேன். அதோடு ஆட்டக் கோட்பாடு. போலீசும் திருடனும் எதிரெதிரே ஆடும் ஆட்டம். ஜீப் வரும் நேரம் தெரிந்தால் திருடன் ஒதுங்குவான், போனதும் வருவான். ஆகவே நேரத்தைக் கலைத்துப் போட்டேன். திட்டம் தீட்டினேன்; திருடன் திணறினான். நான்கு மாதத்தில் பதினொரு பேர் பிடிபட்டார்கள்.

கைதட்டாதீர்கள். இனிதான் விஷயம்.

கம்பெனி வாசலிலிருந்து ஆலங்காயம் பஸ் நிற்கும் இடம்வரை ஒரு கிலோமீட்டர். இருபுறமும் முட்புதர். அங்கே மாலைநேரப் புகார் பூஜ்யம். ஏன் பூஜ்யம்? திருடன் இல்லாததாலா? இல்லை. என் நிரலுக்கு முன்பு தினமும் ஆறேகாலுக்கு ஜீப் வந்ததால். வேலை விட்ட பெண்கள் அதன் பின்னாலேயே நடந்து பஸ் ஏறியதால். காவல் தந்த பூஜ்யத்தை, காவல் தேவைப்படாத பூஜ்யம் என்று படித்தது இயந்திரம். நானும் அப்படியே படித்தேன். ஜீப் அங்கிருந்து போய்விட்டது.

சென்ற வாரம் அந்தச் சாலையில், கம்பெனியில் வேலை பார்க்கும் முத்துமாரி அக்காவின் செயினை அறுத்தார்கள். கழுத்தில் காயம். நாளையிலிருந்து வேலைக்குப் போகாதே என்கிறார் கணவர். அக்கா என்னைக் கேட்டார்: "இன்னா தம்பி, திருடனுக்குத் தெரியக்கூடாதுன்னு எங்களுக்கும் தெரியாம பண்ட்டீங்களே. நாங்க யார் பின்னாடி நடக்கறது?"

ஆட்டத்தில் இருவர் என்று எண்ணினேன். சாலையில் நடந்தவர்களை எண்ணினேனா?

(கூட்டத்திலிருந்து மஹ்பூபி அம்மா: "கதை ஜாஸ்தியா போவுது. ஜீப் வருமா, வராதா?")

நியாயமான கேள்வி, அம்மா. நேரத்தை அறிவித்துவிட்டே ஆறேகால் ஜீப்பைத் திரும்ப அனுப்புங்கள் என்று நேற்று ஆய்வாளரிடம் கேட்டேன். "டைம் சொல்லிட்டா அவன் உஷாராயிடுவானே, எப்படிப் பிடிக்கறது?" என்றார். பிடிக்க வேண்டாம், மேடம். அந்த அரைமணி, அந்தச் சாலைக்கு, அவன் வராமலிருந்தால் போதும். பிடிப்பதை வெற்றி என்று எழுதினேன். பஸ் ஏறுவதே வெற்றி என்கிறார் அக்கா. மற்ற தெருக்களுக்கு ஜீப் சொல்லாமல் வரட்டும். இந்தச் சாலைக்குச் சொல்லிவிட்டு வரட்டும். ஊருக்குத் தெரியட்டும். திருடனுக்கும் தெரியட்டும். கம்பெனி வாசலிலேயே எழுதி ஒட்டுவோம்.

(ஆய்வாளர் மைக்கை வாங்கி: "ஒட்டிடுங்க. நாளைக்கு ஆறேகாலுக்கு நானே வர்றேன்.")

முத்துமாரி அக்கா, வேலையை விட வேண்டாம். வீட்டில் நம்பாவிட்டால், கணவரையும் நாளை வாசலுக்கு அழைத்து வாருங்கள். அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். குற்றம் சொன்ன உங்களுக்கும், குறுக்கே கேட்ட மஹ்பூபி அம்மாவுக்கும் என் நன்றி. வணக்கம்.