எட்டாம் நம்பர் ஊசி

இல்லண்ணே, வித்த சாமானை மாத்த மாட்டோம்னு போர்டு எங்க இருக்குன்னு காட்டுங்க, நான் பேசாம போயிடுறேன். கல்லாவுக்குப் பின்னாடியா? உங்களுக்கு மட்டும் தெரியிற மாதிரி மாட்டி வச்சா அதுக்குப் பேரு போர்டா? போன வியாழக்கிழமை வாங்கிட்டுப் போனது. ஸ்வெட்டர் பின்னுற ஊசி, ஒரு ஜோடி. கவரைக்கூடப் பிரிக்கல. சரி, பிரிச்சோம். ஒட்டித்தானே கொண்டாந்துருக்கேன்.

தப்பு என்னோடதுதான், யாரு இல்லைன்னா? புதுசா பழகுறவங்களுக்குக் கொஞ்சம் தடி ஊசி வேணும்னு வீடியோவுல சொன்னாங்க. உங்க பெட்டியில எட்டு, பத்து, பன்னெண்டுன்னு இருந்துச்சு. பன்னெண்டுதான் தடின்னு நெனச்சு எடுத்துட்டேன். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்னு எந்த ஊருலண்ணே இருக்கு? செருப்பு அப்படியா? சட்டை அப்படியா? வீட்டுல போய்ப் பிரிச்சா விளக்கமாத்து ஈர்க்கு மாதிரி இருக்கு. எம்.ஏ. ரெண்டாவது வருசம் படிக்கிறேன், எனக்கே தெரியல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் கேக்கலையா? கேக்கத் தெரியாதவங்களுக்குத்தாண்ணே சொல்லணும்.

ம், எடுங்க. இருக்கிறதை எல்லாம் எடுத்து மேசையில போடுங்க. செத்த நேரம் ஆகும், எனக்கொண்ணும் அவசரமில்ல.

இது ஸ்டீலு. வேணாம். பாக்கப் பளபளன்னு இருக்கும், பழகாத கையில நூல் கண்ணி நாலு நாலா வழுக்கிட்டு ஓடிரும். ஏற்கெனவே பட்டாச்சு. சைக்கிள் போக்ஸ் கம்பி ரெண்டை எடுத்து, முனையைக் கல்லுல தேச்சு, பூ கட்டுற நூல்ல பின்னிப் பாத்தாரு. பிழிஞ்சு விட்ட முறுக்கு மாதிரி வந்துச்சு.

யாரா? எங்க அப்பாதான். பேரு அழகர். ரெட்டியார்சத்திரம் பக்கம் மல்லித் தோட்டம்.

சிரிங்க, சிரிச்சு முடிங்க, நான் நிக்கிறேன். ஆச்சா? இப்ப நான் கேக்குறேன், பதில் சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வரிசையா உக்காந்து மாலை கட்டுறது யாரு? ஆம்பளைங்க. சின்னாளபட்டியில தறியில உக்காந்து சேலை நெய்யிறாங்களே, அவங்க யாரு? உங்க சட்டையைத் தச்ச டெய்லரு மீசை வச்சிருக்காரா இல்லையா? அங்கெல்லாம் வராத சிரிப்பு எங்கப்பாகிட்ட மட்டும் ஏன் வருது? கூலி குடுத்தா அது ஆம்பளை வேலை, குடுக்காம வீட்டுக்குச் செஞ்சா பொம்பளை வேலை. அதானே உங்க நியாயம்?

என்னையப் பழகச் சொல்றீங்களா? நான்தாண்ணே மொதல்ல உக்காந்தேன். பத்து கண்ணி போட்டிருப்பேன், கையில இருந்து வாங்கிக்கிட்டாரு. நீ படி தாயி, இது என் வேலைன்னுட்டாரு. அன்னையில இருந்து மோட்டார் ரூம்புல வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து, போன்ல சத்தத்தைக் கொறச்சு வச்சுப் பழகுறாரு. அம்மாவுக்குத் தெரியாது. மறுபடியும் பீடி பிடிக்க ஆரம்பிச்சுட்டாருன்னு திட்டிக்கிட்டு இருக்காங்க. ஆமா பிடிக்கிறேன்னு ஒத்துக்கிட்டாரு மனுசன்!

இதை வச்சுக்கங்க, பிளாஸ்டிக்கு வளையுது. இது ரொம்ப நீளம், அந்த ரூம்புல முழங்கையை விரிச்சா ஸ்டார்ட்டர் பெட்டியில இடிக்கும். அந்த மூங்கில் ஊசியைக் காட்டுங்க, குட்டையா இருக்கே, அது. இருங்க, ஷால்ல தேச்சுப் பாக்குறேன். செலாம்பு இருந்தா நூலை இழுக்கும். ம், இழுக்கல. உங்க விரலை நீட்டுங்க. சும்மா நீட்டுங்கண்ணே. முனை குத்துதா? அப்ப சரி. அவரு ஆள்காட்டி விரலாலயே தள்ளித் தள்ளிப் பின்னுவாரு. மம்பட்டி பிடிச்சுக் காய்ச்சுப் போன கைதான், ஆனா மல்லி மொட்டு கசங்காமக் கட்டும்.

இதுல தடி எது, அஞ்சாம் நம்பரா? பாத்தீங்களா, இப்பச் சொல்றீங்க. அம்புட்டுத் தடியும் வேணாம். கண்ணி பெருசு பெருசா விழுந்தா உள்ள அடைக்கிற பஞ்சு வெளிய எட்டிப் பாக்கும். எட்டு எடுங்க. பொம்மையா? பொம்மைன்னே வச்சுக்கங்க. திண்டுக்கல்லு வெயிலுக்கு ஸ்வெட்டர் பின்ன எங்களுக்கென்ன கிறுக்கா? குழந்தையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொண்ணு ஊசி வாங்குனா வயித்தைப் பாக்குறதை மொதல்ல விடுங்க.

பத்து நாள்ல முடியணும்ணே. வைகாசி மொத முகூர்த்தம் வருது. அன்னைக்கு எங்க பூவை எங்கம்மாதான் சந்தைக்குக் கொண்டு போகணும். நாலு மாசமா வாசப்படி தாண்டல. அதுக்கு முன்னாடி சந்தையில புவனேஸ்வரின்னு அம்மா பேரைச் சொன்னாலே, தராசு முள்ளு தானா நேரா நிக்கும். அப்பா போனா, கடைக்காரங்க சொன்ன எடைக்குத் தலையாட்டிட்டு வந்துருவாரு. தை மாசம் ஒரு நாள், அம்மா எடை தப்புன்னு கையை ஒசத்திச் சத்தம் போட்டாங்க. அன்னைக்கோட சரி. கூடையைக்கூட எடுக்காம வந்துட்டாங்க. அடிச்சாங்களான்னா, இல்ல. எங்கம்மாவை யாரு அடிக்க முடியும்? இதுக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தமா? இருக்கு. மொதல்ல நூலைக் காட்டுங்க.

காட்டன்தான். கம்பளி கடிக்கும். ஒரு உருண்டை போதும். சாக்ஸுன்னா ரெண்டு உருண்டை ஆகுமா? சாக்ஸ் இல்லண்ணே, இது ஒண்ணே ஒண்ணுதான். இடது பக்கத்துக்கு மட்டும்.

மாருண்ணே. எங்கம்மாவுக்குப் போன ஆவணியில கேன்சர்னு இடது மாரை எடுத்தாச்சு. ஏன் மேசையைப் பாக்குறீங்க? இம்புட்டு நேரம் என் மூஞ்சியைப் பாத்துத்தானே பேசுனீங்க, இப்பவும் பாருங்க. காலுன்னா காலுன்னு சொல்றோம், கண்ணுன்னா கண்ணுன்னு சொல்றோம். துண்டை மடிச்சு உள்ள வச்சுக்கிட்டுத்தான் சந்தைக்குப் போனாங்க. கையை ஒசத்தும்போது அது நழுவிக் கீழ விழுந்துருச்சு. கமிஷன் கடை நைனா முகமது மாமா எடுத்து, தங்கச்சி, துண்டு விழுந்துருச்சேன்னு குடுத்தாரு. பாவம், அவருக்கு என்ன தெரியும்? ஒருத்தரும் சிரிக்கல. ஆனாலும் வந்துட்டாங்க.

ஆஸ்பத்திரியில உள்ள வச்சுக்கன்னு காட்டுனது ரப்பரு மாதிரி கனம், வெயிலுக்கு வெந்துரும். இது பஞ்சு. துவைச்சு வாசல் கொடியிலயே காயப் போடுவேன், எவ என்ன கேக்குறான்னு பாக்குறேன்.

தோல் கலரா? அதை உள்ள வைங்கண்ணே. அந்தக் கனகாம்பரக் கலரை எடுங்க, அப்பா அதுதான் வேணும்னு சொல்லி விட்டாரு. உள்ள இருக்கப் போறதை யாரு பாக்கப் போறான்னா?

ஏன், அவங்க ரெண்டு பேரும் பாப்பாங்கள்ல.