யாருடைய ரோடு?

செமோரிலிருந்து ஈப்போவுக்கு வரும் பஸ்ஸில், முன்சீட்டு அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"அரசாங்கத்த வரவைக்கணும்னா ரோட்டுல சிமெண்ட்டு போடணும் அண்ணே."

"எதுக்குலா?"

"எங்க ரோட்டுல விளக்கு இல்ல. மஜ்லிஸ் ஆபீஸ்ல, அதான் நகராட்சியில கேட்டா, அது தோட்டத்து ரோடு, மஜ்லிஸ் ரோடு இல்லைன்னுட்டாங்க. தோட்டத்துக் கம்பெனிக்காரங்க வித்துட்டுப் போயி எத்தன வருசமாச்சு. போன மாசம் இருட்டுல ஒரு பிள்ளைய மோட்டர்சைக்கிள் இடிச்சிருச்சு. வண்டிங்க மெதுவா போகட்டும்னு நாங்களே குறுக்க சிமெண்ட்டு மேடு கட்டினோம். மறுநாளே மஜ்லிஸ் ஆபீசர் வந்துட்டாரு."

"உடைக்கச் சொன்னாரா?"

"ஆமா. மஜ்லிஸ் ரோட்டுல யாரக் கேட்டுக் கட்டினீங்கன்னு ஒரே சத்தம்."

"அப்புறம்?"

"உடைச்சிட்டோம். மஜ்லிஸ் ரோடுன்னு அவரே சொல்லிட்டாருல்ல. அதான், விளக்கு கேக்கப் போய்க்கிட்டிருக்கேன்."