நாற்பத்து மூன்று அடி

பதினான்கு வருஷம் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தவனுக்கு உங்கள் நாற்காலி சுகமாகத்தான் இருக்கிறது. சாப்ட்பாலில் பந்து வீசும் பெண்ணைப் பெற்ற அப்பன் எவனைக் கேட்டாலும் இந்த வாளிக் கதையைச் சொல்வான். வீட்டு வாசலில் மகள் நின்று வீசுவாள், அப்பன் வாளிமேல் உட்கார்ந்து பிடிப்பான். என் மகள் டெய்லின் எட்டு வயதில் தொடங்கினாள். நெப்ராஸ்காவின் ஜனவரியில், கார் நிறுத்தும் கொட்டகைக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு பிடித்திருக்கிறேன். இடது கைப் பெருவிரல் இரண்டு தடவை உடைந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, டிடெக்டிவ். மற்ற அப்பன்கள் ஒரே வருஷத்தில் முட்டி வலி என்று எழுந்து போய்விட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அட்டவணை அறிவித்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து ஆரம்பிக்கிறேன். தேசியப் போட்டிக்குத் தேர்வான அறுபத்து நான்கு அணிகளின் பெயரைத் தொலைக்காட்சியில் ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். ப்ளம் க்ரீக் கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தில் பெற்றோர் எல்லாரும் ஒரே சிவப்புச் சட்டையில் கூடியிருந்தோம். முந்தின வாரமே வட்டாரக் கோப்பையை வென்றுவிட்டதால் எங்கள் இடம் உறுதி. ஆனாலும் பெயர் வந்ததும் புதையல் கிடைத்தது மாதிரி குதிக்க வேண்டும், கேமரா பார்க்கிறதே. குதித்தார்கள். ஓர் அம்மாள் கையிலிருந்த இறைச்சி உருண்டைகளைத் தன் சட்டையிலேயே கொட்டிக்கொண்டு அதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

யாரோடு மோதப்போகிறோம் என்பதை அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன். நான்கு அணிகள், ஒரே ஊர், இரண்டு தடவை தோற்றால் மூட்டை கட்ட வேண்டும். எங்களை அனுப்பியது நாட்டிலேயே ஐந்தாம் இடத்தில் இருக்கும் ஒரு தெற்கத்திப் பல்கலைக்கழகத்தின் மைதானத்துக்கு. வெள்ளிக்கிழமை முதல் ஆட்டமே அவர்களோடுதான். பலியாட்டுக்கு மாலை போட்டதை அந்தக் கூடமே கை தட்டிக் கொண்டாடியது.

தொலைக்காட்சியில் தலைமயிருக்கு எண்ணெய் தடவிய ஒருவன் எங்களைப் பற்றி மூன்று விநாடி பேசினான்.

"ப்ளம் க்ரீக்கா? அங்க ரூபி ஆர்மென்டான்னு ஒரு பொண்ணு பந்து போடுது. அது நல்லா போட்டா ஒரு ஆட்டம் ஜெயிக்கலாம். மத்தபடி டாட்டா."

ரூபியை உங்களுக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீர்கள். அரிசோனாவிலிருந்து போன ஆகஸ்டில் வந்தவள். பின்னலில் ரிப்பன், கன்னத்தில் மினுமினுப்பு. அவள் வரும்வரை மூன்று வருஷம் என் மகள்தான் இந்த அணியின் பந்துவீச்சாளர். அவள் வந்த பிறகு டெய்லின் முதல் தளத்தில் பந்து பிடிக்க நின்றாள். தோற்றுப்போன ஆட்டத்தின் கடைசியில் அவளைத் துடைப்பம் மாதிரி எடுத்துப் பந்து போட வைப்பார்கள்.

பயிற்சியாளர் பாம் ஷ்ரோடரிடம் அன்றைக்கே கேட்டேன். விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிறந்தவள் மாதிரி இருப்பாள், உள்ளே ஒன்றும் கிடையாது.

"வெள்ளிக்கிழமை யாரு போடறாங்க?"

"ரூபி."

"சனிக்கிழமை?"

"வெர்லின், கை கழண்டு விழற வரைக்கும் ரூபிதான். உங்க பொண்ணுக்கே இது தெரியும். நீங்கதான் முறைச்சுக்கிட்டுத் திரியறீங்க."

டெய்லினுக்குத் தெரிந்துதான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில், காரில் சொன்னாள்.

"அவ என்னைவிட நல்லா போடறாப்பா. அந்த மெதுவா வர்ற பந்தை நான்தான் அவளுக்குக் காமிச்சுக் குடுத்தேன். நாங்க ஒரு ஆட்டம் ஜெயிச்சாப் போதும், எனக்குச் சந்தோஷந்தான்."

"இது உன் கடைசி வருஷம்."

"எனக்கா உனக்கா?" என்று கேட்டுவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்தாள்.

பெண்கள் இப்படித்தான் பேசுவார்கள். உள்ளே அழுகிறாள் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

எனக்கு லேத்துப் பட்டறை இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் சக்கரக் குழாய்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறேன். சாப்ட்பால் மட்டை உள்ளே வெறும் குழல்; அதன் நுனி மூடியைக் கழற்றி, உள்சுவரைச் சுரண்டி மெல்லியதாக்கினால் பந்து என்ன வேகத்தில் கிளம்பும் என்பது இந்த ஆட்டத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தப்பு என்றும் தெரியும். அதனால்தான் தேசியப் போட்டிக்கு முன்னால் ஒவ்வொரு மட்டையையும் இயந்திரத்தில் வைத்து அழுத்திப் பார்க்கிறார்கள். பயிற்சியில் யாரும் பார்ப்பதில்லை. திங்கட்கிழமை ஒரு மட்டையைக் கடைந்தேன். வேலை சுத்தமாக இருந்தது. இந்த ஊரில் அப்படிக் கடைய வேறு ஆள் கிடையாது.

புதன்கிழமை பயிற்சி. ரூபி தன் அணிக்கே பந்து போடுவாள், அவர்கள் அடித்துப் பழகுவார்கள். பந்து வீசும் இடத்திலிருந்து அடிக்கும் இடத்துக்கு நாற்பத்து மூன்று அடி. வீசி முடித்து நிற்கும்போது இன்னும் கிட்டே வந்திருப்பாள். பந்து திரும்பி வந்தால் கண் இமைக்க நேரம் கிடையாது. ஆட்டத்தில் முகக்கவசம் போடுவாள். பயிற்சியில் வியர்க்கிறது என்று கழற்றி வைத்துவிடுவாள். அதற்கு நான் பொறுப்பில்லை. மட்டைகள் சாய்த்து வைத்திருக்கும் வரிசையில் நான் இன்னொரு மட்டையைச் சாய்த்து வைத்தேன். அந்தப் பெண்கள் எல்லாருடைய மட்டையையும் எல்லாரும் எடுப்பார்கள். எவளோ ஒரு தடிச்சி எடுப்பாள், பந்து ரூபியின் தொடையிலோ முழங்காலிலோ படும், இரண்டு வாரம் உட்காருவாள் என்று கணக்குப் போட்டேன். எந்த நியாயமான மனிதனும் அவ்வளவுதான் நினைத்திருப்பான்.

இடது கண் போயிற்று. கன்னத்து எலும்பு நான்கு இடத்தில் உடைந்தது என்று சொல்கிறார்கள். அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சத்தம் இரண்டு. இரண்டாவது, முதலாவதைவிடச் சின்னது.

ஆம்புலன்ஸ் வந்த அமளியில் மட்டையை எடுக்க முடியவில்லை. அது ஒன்றுதான் என் தப்பு. யாரோ எல்லாவற்றையும் பையில் திணித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். வியாழக்கிழமை மத்தியானம் தெற்கே அந்த மைதானத்தில் பரிசோதனை. மட்டைகளைச் சுமந்துபோனது டெய்லின். பரிசோதிக்கிறவர் அதை அழுத்திப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"இதைச் சுரண்டியிருக்காங்கம்மா. கை தேர்ந்தவன் வேலை."

அவள் வெளியே வந்தாள். நான் கார் நிறுத்தும் இடத்தில் நின்றிருந்தேன்.

"அப்பா, உன் வேலைதானே?"

"நாளைக்கு நீதான் போடறே. போய் ரெஸ்ட் எடு."

"நேத்து அதால அடிச்சது யாருன்னு தெரியுமில்ல உனக்கு?"

"வெயில்ல நிக்காதே."

வெள்ளிக்கிழமை ஆறாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாம் ஷ்ரோடர் பந்தை என் மகள் கையில் கொடுத்தாள். பதினான்கு வருஷம் நான் காத்திருந்தது அந்த ஒரு காட்சிக்காக. டெய்லின் பந்து வீசும் வட்டம் வரைக்கும் நடந்தாள். அங்கே நின்று என்னைப் பார்த்தாள். பிறகு முதல் வருஷம் படிக்கும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, அவள் கையில் பந்தை வைத்துவிட்டு, திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு பந்துகூடப் போடவில்லை. பதினான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். ஐந்தாவது இன்னிங்ஸிலேயே இரக்கப்பட்டு ஆட்டத்தை நிறுத்தினார்கள். அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே உங்களுக்கு போன் செய்தவள் அவள்தான் என்று சொன்னீர்கள். அவள் அம்மா குணம் அது. எதையும் முடிக்கத் தெரியாத குடும்பம்.

இப்போது அந்த மட்டையை டெய்லின் எடுப்பாள் என்று எனக்குத் தெரியுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தடிச்சி எடுப்பாள் என்று நினைத்ததாகச் சொன்னேன். அதை எழுதிவிட்டீர்களானால் அடித்துவிடுங்கள்.

மட்டையை வரிசையில் சாய்த்து வைக்கவில்லை. அவள் கையிலேயே கொடுத்தேன், இது உனக்குப் பொருந்தும், முயற்சி பண்ணிப் பார் என்று. நேராக, பந்து போடுகிறவளின் முகத்துக்கே திருப்பி அடி என்று எட்டு வயதிலிருந்து சொல்லிக்கொடுத்ததும் நான்தான். எதிரணிப் பெண்கள் பாவம் என்று சொல்லி அவள் ஒருநாளும் அப்படி அடித்ததில்லை. அன்றைக்குக் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அவள் அடிப்பதற்கு முன்னால் அதையே மெதுவாக ஒரு தடவை சொன்னேன். முதல் தடவையாக என் பெண் நான் சொன்னதைக் கேட்டாள்.