எஜிரோவின் தாய் வருகிற நாள்

— என்னப்பா, எங்கை நிக்கிறியள்? கிறவுண்டிலை வோர்ம் அப் செய்யிற எஜிரோ நாலுதரம் என்னைத் திரும்பிப் பாத்திட்டாள்.

— நோர்த் சேர்குலர் றோட்டிலை ட்ரபிக், டொலறஸ். கார் அசையேல்லை.

— எஜிரோவின்ர தாய் பக்கத்திலையோ இருக்கிறா?

— ஓம், ஓம். பின் சீற்றிலை.

— போனை அவவிட்டை ஒருக்கால் குடுங்கோவன்.

— மனுசி நித்திரை. லாகோசிலை இருந்து இரவு முழுக்கப் பிளேனிலை வந்தவ. விடு, பாவம்.

— நூறு மீற்றர் பைனலுக்கு இன்னும் பத்து நிமிசம் இல்லை. மூண்டு வரியமா எங்கடை மேல் அறையிலை இருக்கிறாள். "அன்ரி, நான் ஓடி அம்மா ஒருக்காலும் பாக்கேல்லை" எண்டதைத் தவிர வேறை என்ன கேட்டவள்? விசா கிடைச்சிட்டுது எண்டு தாய் சொன்ன நாள் தொடக்கம் பிள்ளைக்கு நித்திரை இல்லை.

— தெரியும்.

— ஊரிலை தாய் சப்பேலேச் சந்தையிலை கருவாடு விக்கப்போக, இவள் சேர்ச்சிலை பாட்டுப் பழகப் போறன் எண்டு பொய் சொல்லிப்போட்டு வெறுங்காலோடை ஓடினவளாம். பதினாறு வயசிலை மெடலோடை போய் நிண்டாப்போலைதான் தாய்க்குத் தெரியுமாம்.

— நல்ல அடி விழுந்ததாம்.

— அடிச்சுப்போட்டு அந்த மெடலைத் தன்ர கழுத்திலை போட்டுக்கொண்டு சந்தை முழுக்கத் திரிஞ்சவவாம்.

— ம்.

— இஞ்சை வந்த முதல் குளிருக்கை தொடைத்தசை கிழிஞ்சு எட்டு மாதம் படுத்தாளே. படிப்பும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம், நைஜீரியாவுக்கே போறன் எண்டு அழுதாள். போனிலை தாயின்ர குரலைக் கேட்டுக் கேட்டுத்தானே எழும்பினவள். ஏன் உங்கடை குரல் ஒருமாதிரிக் கிடக்கு?

— தடிமன். எத்தினை செக்கனுக்கை ஓடவேணும் எண்டவள்?

— பதினொண்டே காலுக்குக் கீழை. அப்பதான் அவளின்ர நாட்டு ரீமிலை யோசிப்பினமாம். இந்தா, கூப்பிடுறாங்கள். ஐஞ்சாவது லேன். இன்னும் சனத்துக்கை தேடுறாள். நான் என்ன செய்ய?

— தாய் வந்திட்டா எண்டு கையைக் காட்டு.

— பொய்யோ சொல்லச் சொல்லுறியள்?

— காட்டு, டொலறஸ். கேளாதை.

— காட்டிட்டன். சிரிக்கிறாள். அப்பிடி ஒரு சிரிப்பு இந்த மூண்டு வரியத்திலை நான் காணேல்லை. குனியிறாள்.

— போனை வைக்காதை.

— துவக்கு வெடிச்சிட்டுது. எழும்பினது பிந்திப்போச்சு. மாதாவே, நாலாவதா வாறாள். இல்லை, பிடிக்கிறாள். மூண்டாவது. கோட்டிலை நெஞ்சைக் குடுத்து விழுந்திட்டாள்.

— சொல்லு.

— பொறுங்கோ, போர்டிலை வரட்டும். எஜிரோ இரண்டாவது. பதினொண்டு புள்ளி இரண்டு ஒண்டு. கேட்டதோ? பதினொண்டே காலுக்குக் கீழை வந்திட்டாள்.

— கேட்டது.

— என்னப்பா, அழுறியளோ?

— இல்லை. விழுந்ததிலை அடி கிடி பட்டதோ?

— முழங்கால் உரஞ்சிப்போச்சு, அதைப் பாக்கவும் இல்லை. நேரை என்னட்டைத்தான் ஓடிவாறாள். போனைத் தாங்கோ எண்டு கையை நீட்டுறாள். தாயை எழுப்புங்கோ.

— குடுக்காதை. முதல் நீ கேள். நான் ஹீத்ரோ எயார்போட்டுக்குப் போகேல்லை, கிறவுண்ட் வாசல் கார் பார்க்கிலைதான் நிக்கிறன். தாய்க்கு இந்தமுறையும் விசா குடுக்கேல்லை, கிடைச்சிட்டுது எண்டு பிள்ளைக்குப் பொய் சொன்னவ. ஓடி முடியுமட்டும் பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ எண்டு அந்த மனுசிதான் என்னட்டைக் கெஞ்சினவ.