தேதியும் இடமும்

மலைக்கோட்டை பார்க்கப் போகிறவர்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவதே நல்லது. தயிர்ச்சோறு பதினோரு மணிக்கெல்லாம் புளித்து வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் சரித்திரக் கழகம் முதன்முதலாக வெளியே போனபோதே இதை நோட்டில் எழுதிவைத்தேன். ஆறு வருஷமாக ஒருவருக்கும் வயிறு கெட்டதில்லை. சோற்றை விடு, நடந்ததைச் சொல் என்கிறீர்கள், மாஜிஸ்டிரேட் ஐயா. சொல்கிறேன். நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்பது தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

என் பெயர் சகாயநாதன். ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கழகத்துக்குக் காரியதரிசி. தலைவர் நாராயணப்பன், ரெவினியூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாம் சேர்த்து ஒன்பது பேர். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, நான் முதல் பூசை கண்டுவிட்டு வந்ததும், பஸ் பிடித்து ஏதாவது ஒரு கோட்டை, கோயில், நடுகல் என்று கிளம்புவோம். கழகத்துக்கு இரண்டு விதிகள். இரண்டும் நான் எழுதியவை. பள்ளத்திலோ நிலவறையிலோ ஒருவர் இறங்கினால் மேலே ஒருவர் நிற்க வேண்டும். தேதியும் இடமும் குறிக்காத எந்தக் காகிதத்தையும் கழகம் ஏற்காது. கூட்டத்தில் படிக்கும்போது அவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

போகிற இடமெல்லாம் மற்றவர்களுடைய பாட்டன் பூட்டன்தான் கல்லாக நின்றுகொண்டிருந்தார்கள். வாள் பிடித்த ஒரு நடுகல்லைக் கண்டால் நாராயணப்பன் அதைத் தட்டிக்கொடுத்து, "இவன் நம்ம வம்சத்து ஆளுப்பா" என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்காளுங்க நேத்து வந்தவங்க, சகாயநாதா. உங்களுக்கு ஏது கல்லு?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. எங்கள் ஊர் தொட்டமாதப்பள்ளியில் இருக்கும் மாதா கோயில் என் தாத்தா காலத்தில் கட்டியது. அதற்கு மேல் எங்களிடம் காட்ட ஒன்றும் இல்லை.

ஐம்பத்திரண்டாம் வருஷம் அந்தக் கோயில் சுவரில் ஒரு கல் கண்டுபிடிக்கப்பட்டது. மேலே சிலுவை, கீழே 1630 என்ற வருஷம். கண்டுபிடிக்கப்பட்டது என்றுதான் நோட்டில் இருக்கிறது. பர்கூர்ப் பக்கத்துக் குவாரியிலிருந்து கல்லைக் கொண்டுவந்ததும், உளி பிடித்ததும், மோரும் சாணமும் பூசி ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே போட்டுவைத்ததும், கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்த சமயத்தில் சுவரில் பதித்ததும் நான்தான். இதைப் பொய் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்திலேயே அங்கே எங்கள் ஜனங்கள் இருந்திருக்கத்தான் வேண்டும். கல் ஒன்றுதான் குறைவாக இருந்தது.

ஓசூர் எந்த ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று டீக்கடைகளில் கூடச் சண்டை நடந்த வருஷங்கள் அவை. பழைய கல் என்றால் அன்று தனி மவுசு. எங்கள் பிஷப், மேற்றிராணியார், வந்து கல்லை மந்திரித்தார். ஊரில் எனக்கு மாலை போட்டார்கள். நாராயணப்பன் அன்றிலிருந்து என்னை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

ஜெபதுரை போன வருஷம்தான் வந்து சேர்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த தபால் குமாஸ்தா, சீர்திருத்த சபைக்காரர். கல்லின் மேல் ஈரக் காகிதம் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எழுத்தைப் படியெடுப்பதில் அவருக்கு நிகரில்லை. இந்த ஜனவரியில் கழகம் தொட்டமாதப்பள்ளிக்குப் போனது. அவர் என் கல்லைப் படியெடுத்தார். மழையில் சுண்ணாம்பு உதிர்ந்து கல்லின் ஓரம் வெளியே தெரிந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார். மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்த பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஓரத்துல உருண்டையா ஒரு ஓட்டைத் தடம் இருக்கு. ஜம்பர் உளியால தொள போட்டு வெடி வச்ச கல்லு இது. அந்தக் காலத்துல சதுரமா ஆப்புக்குழி வெட்டில்லா கல்லப் பொளப்பாக. எங்கப்பா குவாரி மேஸ்திரி, எனக்குத் தெரியும். நான் யார்ட்டயும் சொல்லல. மார்ச் கூட்டத்துல நீங்களே எந்திரிச்சு சொல்லிருங்க. அதான் மரியாதயா இருக்கும்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அன்பாகச் சொன்னார். சொன்னால் ஊரில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் அவர் சொல்லிவிடுவார். புலி வாலைப் பிடித்தவன் கதைதான். ஒரு மாதம் தூக்கமில்லாமல் பயந்து கிடந்தேன்.

பிப்ரவரிக்கு ராயக்கோட்டை தாண்டிக் கரடிதுர்க்கம் போகலாம் என்று முடிவு செய்தது நான். அங்கே பாறைக்குள் ஒரு பழைய நெற்கிடங்கு உண்டு. மேலே ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு வாய், உள்ளே இரண்டு ஆள் ஆழம், சுவரெல்லாம் வழவழவென்று சுண்ணச் சாந்து. ஆடு விழாமல் இருக்க மேய்ப்பவர்கள் வாயைத் தகரத்தால் மூடிக் கல் வைத்திருப்பார்கள். பிப்ரவரியில் புல் காய்ந்துவிடுவதால் அவர்கள் மேலே வருவதில்லை. இதெல்லாம் முந்தின ஞாயிறு நான் தனியாகப் போய்ப் பார்த்து வந்தது. கிடங்குச் சுவரில் எழுத்து இருக்கிறது என்று ஜெபதுரையிடம் சொன்னேன். எழுத்து இல்லை. அவரோடு தனியாகப் பேச வேறு இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மற்றவர்கள் கோட்டையின் மறுகோடியில் சுனைப் பக்கம் இருந்தார்கள். அவர் காகிதமும் மையும் எடுத்துக்கொண்டு நூலேணியில் இறங்கினார். விதிப்படி நான் மேலே நின்றேன்.

"அண்ணாச்சி, இங்க எழுத்தே இல்லயே."

"நல்லா தடவிப் பாருங்க."

அவர் தடவிக்கொண்டிருக்கும்போது ஏணியை மேலே இழுத்தேன். கை தானாகச் செய்தது என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு படி, ஒவ்வொன்றாகச் சுருட்டினேன். "வெளையாடாதிய அண்ணாச்சி" என்று சிரித்தார். பேச வேண்டும் என்று வந்தவனுக்குப் பேச ஒன்றும் தோன்றவில்லை. தகரத்தை மூடிக் கல்லை வைத்துவிட்டுச் சுனைக்குப் போனேன். அடிவாரத்தில் வழக்கம்போலப் பெயர் படித்தேன். ஜெபதுரை மேற்குப் பாதையில் இறங்கித் தருமபுரி பஸ்ஸுக்குப் போய்விட்டார், அங்கே யாரோ சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லையாம் என்றேன். நோட்டிலும் அப்படியே எழுதினேன்.

மறுநாள் அவர் மனைவி சாராள் வீட்டுக்கு வந்தார். "தருமபுரில எங்களுக்கு யாருமே இல்லயே அண்ணாச்சி" என்றார். ஆண்கள் எல்லாவற்றையும் வீட்டில் சொல்வதில்லை என்று சமாதானம் சொல்லி, நானே கூடப் போய் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தேன். எலெக்‌ஷன் நேரம். போலீஸ்காரர்கள் எல்லோரும் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். தருமபுரிக்குத் தந்தி அடிப்பதாகச் சொன்னார்கள்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு மலை ஏறினேன். ஒரு தூக்குச் சட்டியில் தண்ணீரும், கூடவே ஒரு பொட்டலம் புளிச்சோறும் கயிற்றில் இறக்கினேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவர் குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு குரல் கம்மிப்போய், "ஒங்க கல்லு நெசந்தான்னு எழுதித் தாரேன். என்னிய ஏத்தி விடுங்க" என்றார்.

படியெடுக்கக் கொண்டுபோன காகிதமும் மையும் அவரிடமே இருந்தன. எழுதித் தூக்கில் வைத்தார். மேலே இழுத்துப் படித்தேன். தொட்டமாதப்பள்ளிக் கல்லைத் தாம் சோதித்ததாகவும், அது பழைய கல்லே என்றும் மூன்று வரி. கையெழுத்தும் இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் தேதியும் இடமும் இல்லை. திருப்பி இறக்கினேன்.

"இதில்லாம கழகத்துல ஏத்துக்க மாட்டாங்க, தெரியுமில்ல?"

அவர் காகிதத்தைத் தூக்கிலிருந்து எடுத்தார். "இன்னைக்கு என்ன தேதி, அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"பதிமூணு."

எழுதி அனுப்பினார். அப்போது அவர் சிரித்தது போல எனக்குக் கேட்டது. இருமலாகவும் இருக்கலாம்.

ஏணியைக் கையில் எடுத்தேன், ஐயா. அது உண்மை. எடுத்தபின் யோசித்தேன். பயத்தில் எழுதிய சீட்டு செல்லாது என்று மேலே வந்ததும் அவரே சொல்வார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அதுவும் பயத்தில் செய்ததுதான். எழுதியவர் மறுக்க முடியாத சீட்டுக்குத்தான் ஆவணம் என்று பெயர். நாங்கள் நம்புகிற சாட்சிகள் எல்லோருமே செத்தவர்கள்தான். தகரத்தை மறுபடி மூடினேன். அவர் அண்ணாச்சி என்பதை விட்டுவிட்டு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது எனக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்த ஞாயிறும் தண்ணீர் கொண்டுபோனேன். கீழே இறக்கிய தூக்கை யாரும் தொடவில்லை.

மார்ச் பத்தாம் தேதி கூட்டத்தில் சீட்டைப் படித்தேன். தபாலில் வந்தது என்று சொன்னேன். சாராளையும் நான்தான் வரச்சொல்லியிருந்தேன். கணவருடைய எழுத்தைக் கேட்டால் அவருக்கு ஆறுதலாக இருக்குமே என்று. விதிப்படி கடைசி வரியையும் உரக்கப் படித்தேன்: "கரடிதுர்க்கம், நெற்கிடங்கு, 13-2-57."

நாராயணப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "நில்லுப்பா. பத்தாந்தேதியே தருமபுரி போயிட்டாருன்னு நீதானே சொன்னே? பதிமூணாந்தேதி அந்தக் கிடங்குல அவருக்கு என்னா வேலை?"

சாராள் எழுந்து வந்து காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "அவுக எழுத்துதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அவுக எங்க?" என்று கேட்டார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கதவுப் பக்கம் இரண்டு பேர் போய் நின்றுகொண்டார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஜெபதுரையைக் கொன்றது நான்தான். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை. இன்ஸ்பெக்டர் நேற்று ஒரு கேள்வி கேட்டார்: சீட்டு உன் கையில்தானே ஒரு மாதம் இருந்தது, தேதியை மாற்றியிருந்தால் தப்பியிருப்பாயே, ஏன் மாற்றவில்லை? அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிக்கொள்ளுங்கள். பொய்யாக ஒரு தேதி போட இந்தக் கைக்கு ஒருநாளும் வராது, ஐயா.